ஆலமரத்தில் ஓர் உமல்

போன மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பிள்ளை ஒருத்தி அனுப்பியிருந்தாள். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியையாக நியமனம் பெற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் முடித்த இளைஞர்களுக்குக் கன்று கொடுத்து வளர்க்கப் பழக்கும் திட்டம் இப்போதும் நடக்கிறது. எங்கள் காலத்தில் நாங்கள் வீடு வீடாகப் போனோம். இப்போது பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் படம் போடுகிறார்களாம், இவள் அலுவலகத்தில் இருந்தபடி சரி போடுகிறாளாம்.

அந்தப் படத்தில் ஒரு பெடியன் புல்லுக்கட்டோடு சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் வாளி, தண்ணீர், நல்ல கொழுத்த நாகு, இன்னும் ஈனாத இளம் பசு. "எப்பிடி மிஸ், நல்லா வளக்கிறான் என்ன?" என்று கேட்டிருந்தாள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடு பெடியனைப் பார்க்கவில்லை. படம் எடுத்தவரை, காதை முன்னுக்கு நீட்டி, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தீன் வைக்கிற கை எதுவோ அதைத்தான் மாடு அப்படிப் பார்க்கும். படம் எடுத்தது யார் என்று கேள், மாடு வளர்ப்பது அவர்தான் என்று பதில் எழுதினேன். மறுநாள் அழைப்பு எடுத்தாள். படம் எடுத்தது தாய். பெடியன் கிளிநொச்சியில் கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து படத்துக்கு நிற்கிறான்.

"உங்களுக்கு எப்பிடி மிஸ் இப்பிடிச் சந்தேகம் வருது?" என்று கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அலுவலகத்தில் 'சந்தேக மிஸ்' என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை, ஆனால் காது எனக்கு நன்றாகவே கேட்கும். கறிக்கு உப்புப் போட்டாச்சு என்று நானே சொன்னாலும் நீ நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் நம்புவாய் என்று என் கணவர் இன்றைக்கும் நக்கலடிப்பார். பிறவிக் குணம் என்று அவர் நினைக்கிறார். பாதி அப்படி இருக்கலாம். மீதிப் பாதி டொக்டர் பழக்கியது.

பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தேன். புல் வகை, தீன் கணக்கு, சினைப்படுத்தும் முறை எல்லாம் அங்கே படித்ததுதான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போருக்குப் பிறகு, மீள்குடியேற்றம் முடிந்த கையோடு என்னைக் கிளிநொச்சிப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர்தான் அந்த டொக்டர், மிருக வைத்தியர் ரியாஸ். வவுனியாக்காரர். தகப்பன் துணிக்கடை வைத்திருந்தவர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். யாரையும் நீ, வா என்று சொல்லமாட்டார். கடிக்க வருகிற நாயைக்கூட "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்பார்.

இவ்வளவு மரியாதையான மனிதர் யார் சொல்வதையும் நம்பமாட்டார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. ஒரு வளவுக்குப் போனால் நேராக மாட்டடிக்குப் போகமாட்டார். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். சாணத்தைப் பார்ப்பார். தண்ணீர் வாளியின் உட்பக்கம் வழுக்குகிறதா என்று விரலால் தடவுவார். கழுத்துக் கயிற்றின் கீழே மயிர் உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் கேள்வி. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு கதை கதைப்பார், போகும்போது அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் அதை எழுதச் சொல்வார். வேலை முடியும்வரை ஒரு வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். தேத்தண்ணி குடித்த பிறகு குற்றம் பிடிக்க வாய் வராது என்பார்.

முதலில் இவரிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல பேச்சுப் பேசுகிற மனிதர் எதையோ மறைக்கிறார் என்று சில மாதம் கவனித்துக்கொண்டே திரிந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அப்போதுதான் இளைஞர் கன்றுத் திட்டம் வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் காசு கொடுத்தது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பசுக்கன்று. பிள்ளை அதை வளர்த்துச் சினையாக்கி, அது ஈனும் முதல் பசுக்கன்றை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். காளைக்கன்று என்றால் தானே வைத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு நல்ல திட்டம். எனக்கோ அன்றைக்கே ஒரு யோசனை. பசுக்கன்று பிறந்தால் கொடுக்க வேண்டும், காளைக்கன்று பிறந்தால் கொடுக்கத் தேவையில்லை என்றால் எத்தனை வீட்டில் பசுக்கன்று பிறந்த செய்தி எனக்கு வரும்? டொக்டரிடம் சொன்னேன். சிரித்தார். பார்ப்போம் என்றார்.

கன்றுகள் லொறியில் வந்து இறங்கின. கொள்வனவு செய்தவர்கள் எல்லாக் கன்றும் சுகமானவை என்று கடிதமும் கொண்டுவந்தார்கள். டொக்டர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, கொடுக்க முதல் ஒவ்வொன்றுக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நாளைக்கு விழா, பிரமுகர் வருகிறார், நேரமில்லை என்று திட்டக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். டொக்டர் வற்புறுத்தினார். கடைசியில் மேலிடத்தில் இருந்து தொலைபேசி வந்தது, பேசாமல் இருக்கச் சொல்லி. டொக்டர் பேசாமல் இருந்தார். ஆனால் மறுநாள் விழாவில் அவர் மேடைக்கு ஏறவில்லை.

முரசுமோட்டைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் தர்சிகா என்ற பிள்ளைக்கும் ஒரு கன்று கிடைத்தது. சிவலைக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செல்லி என்று பெயர் வைத்தாள். தகப்பன் இல்லை. தாய் வயல் வேலைக்குப் போகிறவா. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தர்சிகா அதிகம் கதைக்கமாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் என் முகத்தைப் பார்த்து, இவ எதற்குக் கேட்கிறா என்று நிறுத்தி யோசித்துவிட்டு. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

டொக்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் கட்டாயமாகப் பழக்கினார். எங்கள் பக்கத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்ப்பார்கள், மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது, வயல் விதைத்த காலத்தில் யாருடைய பயிரிலும் வாய் வைத்தால் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆகவே கன்று பெரிதாகும் முன் கயிறு இல்லாமல் குரலுக்கு வரப் பழக வேண்டும். ஒரே ஆள், ஒரே குரல், ஒரே சொல். வந்தால் ஒரு பிடி தவிடு. தர்சிகா நாக்கை அண்ணத்தில் ஒட்டி இரண்டு தரம் சொடுக்கிவிட்டு "செல்லி, இஞ்ச வா" என்பாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்கிற கன்று தலையை நிமிர்த்தி, பதில் கத்து ஒன்று கத்திவிட்டு, தண்ணீரைக் கடந்து ஓடி வரும். எங்கள் பகுதியில் இவ்வளவு நன்றாகப் பழகிய கன்று வேறு இல்லை. நான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். காதைக்கூட அசைக்காது.

செல்லி வளர்ந்து பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போட்டது நான்தான். பிறகு சினை பிடித்ததையும் பார்த்து உறுதி செய்தேன். ஈன வேண்டிய மாதமும் எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு மாதம் முந்தி ஒரு நாள் காலை அந்த ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். முடக்கில் ஓர் ஆலமரம் நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளையில் ஓர் உமல் தொங்கியது. பனையோலையால் இழைத்த பை, வாய் கட்டியிருந்தது. கீழே இரண்டு நாய்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றன. காகமும் ஒன்று வந்து கொத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாடு ஈன்றால் விழுகிற இளங்கொடியை உமலில் போட்டு ஆலமரம் போலப் பால் வடிகிற மரத்தில் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பது நம்பிக்கை. இப்படிக் கட்டவேண்டாம், ஆழமாகக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்ததுதான் மிச்சம். கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், மரத்தில் உமல் தொங்கும்.

ஆனால் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தியது அதற்காக இல்லை. அந்த ஒழுங்கையில் மாடு வைத்திருந்தது இரண்டே வீடு. ஒன்று தர்சிகா வீடு, மற்றது அவளுடைய மாமன் வீடு. மாமனின் மாடுகள் அந்த நேரம் காட்டுப் பட்டியில் நின்றன. அப்படியென்றால் இது செல்லியின் இளங்கொடி. நான் ஊசி போடுவதற்கு முன்னரே ஊர்க்காளை ஏதாவது முந்தியிருந்தால் என் கணக்குப் பிழைத்திருக்கும். மாடு ஈன்றிருக்கிறது, எனக்குச் செய்தி வரவில்லை. செய்தி வராவிட்டால் பிறந்தது பசுக்கன்று. இவ்வளவும் ஆலமரத்தடியில் நின்றபடியே முடிவுசெய்துவிட்டேன். நான் நினைத்தது சரியாய்ப்போச்சு என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது, பொய் சொல்வானேன்.

தர்சிகா முற்றத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் துணி காயப்போடுகிற வேலையை விடவில்லை. தாய் உள்ளே படுத்திருந்தா. காய்ச்சல், மூட்டு உளைவு என்றாள். நான் டொக்டரின் முறைப்படி முதலில் மாட்டைப் பார்த்தேன். வயிறு ஒட்டியிருந்தது. வாலடியில் காய்ந்த கறை. மடி சற்றுத்தான் இறங்கியிருந்தது. கன்றைக் காணவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்தேன். கோழிக்கூட்டைச் சுற்றிப் பார்த்தேன். விறகுக் கொட்டிலுக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

"கண்டு எங்க? சொல்லும்" என்றேன்.

"கண்டு இல்லை மிஸ். செத்துப் பிறந்தது."

"எங்க தாட்டனீர்?"

காட்டினாள். வளவின் கோடியில் புது மண். மண்வெட்டியை எடுத்து வரச் சொன்னேன். ஏதாவது மறுப்புச் சொல்வாள், மண்ணுக்குள் ஒன்றும் இருக்காது என்று எதிர்பார்த்தேன். அவள் நேரே போய் மண்வெட்டியோடு வந்து தோண்டினாள். ஆழம் அதிகம் இல்லை. ஒரு சின்னக் குளம்பு தெரிந்தது, மயிர் சரியாக முளைக்காத கால். போதும் என்றேன். என் சந்தேகம் அந்த இடத்திலேயே போய்விட்டது, அது இருந்த இடத்தில் பயம் வந்தது. ஏழாம் மாதத்தில் கன்று விழுந்திருக்கிறது. விழுந்ததை அள்ளியது தாய், வெறுங்கையால். இளங்கொடியை உமலில் கட்டி மரத்தில் ஏற்றியதும் தாய்தான். இருக்கிற கொஞ்சப் பாலாவது வறளாமல் இருக்கட்டும் என்று கட்டினாவாம். இப்போது அந்தத் தாய் காய்ச்சலில் கிடக்கிறா.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சரியாகப் பராமரிக்கவில்லை என்று மாட்டைத் திருப்பி எடுத்துவிடுவீர்கள் என்று பயந்ததாகச் சொன்னாள். அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் சனம் எத்தனை பேர் கொடுக்க வந்து எதை எதை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தது.

டொக்டர் அன்றே வந்தார். கையுறை போட்டு, உமலை மரத்தில் இருந்து தானே இறக்கினார். கன்றையும் அதையும் சேர்த்து ஆழக் கிடங்கில் சுண்ணாம்போடு புதைக்க வைத்தார். பிறகு செல்லியின் கழுத்துப் பள்ளத்தில் பெருவிரலால் அழுத்தினார். நரம்பு கயிறு போலத் தடித்து எழும்பும்வரை அவசரப்படவில்லை. தர்சிகா தலையைப் பிடித்திருந்தாள். ஊசி ஏறியபோது மாடு அசையவில்லை, அவளுடைய கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. இரத்தம் எடுத்த குழாயைச் சரித்து வைத்து, மேலே தெளிந்த நீர் பிரியும்வரை நிழலில் வைத்திருந்து, பிறகு பனிப்பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அங்கே அந்தத் தெளிந்த நீரில் ஒரு துளியை இளஞ்சிவப்பு மருந்தோடு வெள்ளைத் தட்டில் கலந்து ஆட்டுவார்கள். மருந்து அப்படியே இருந்தால் நல்லது. மணல் மணலாகத் திரண்டால் தொற்றுக் கருச்சிதைவு நோய். மாட்டில் இருந்து மனிதருக்கும் தொற்றும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், எலும்பெல்லாம் நோகும். பாலைக் காய்ச்சாமல் குடித்தாலும் வரும், விழுந்த கன்றை வெறுங்கையால் அள்ளினாலும் வரும்.

திரண்டது என்று பதில் வந்தது. ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யக்கூடாது, இரண்டாம் முறை இரத்தம் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும் என்றார் டொக்டர். அதுவும் அதே முடிவு சொன்னால் மாட்டை அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்துவது என்றால் என்ன என்று தர்சிகா கேட்டாள். டொக்டர் சுற்றி வளைக்கவில்லை, கொல்ல வேண்டிவரும் என்று சொன்னார். தாயை ஆஸ்பத்திரிக்குப் போய் விசயத்தைச் சொல்லி இரத்தம் பார்க்கச் சொன்னார். தாய் மருந்துக்கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தா. மாட்டுக்கு வருத்தம் என்று ஊருக்குத் தெரிந்தால் வீட்டுப் பால் விற்காது என்று நினைத்தாவோ என்னவோ.

இரண்டாம் முறை இரத்தம் எடுக்கப் போன அன்று மாடு முற்றத்தில் தயாராகக் கட்டியிருந்தது. சிவலை நிறம், நெற்றியில் சுட்டி, காதில் நாங்கள் குத்திவிட்ட மஞ்சள் இலக்கத் தகடு. எங்கள் வேலையில் ஒரு வீட்டில் எல்லாம் தயாராக இருந்தால் நான் இன்னொரு தரம் பார்ப்பேன். டொக்டர் வழக்கம்போல வேலிக்கு வெளியே நின்றார். நான் கிட்டப் போனேன்.

தகட்டு இலக்கம் சரிதான். தகடும் பழையதுதான், ஓரம் தேய்ந்து எழுத்து மங்கியிருந்தது. ஆனால் தகடு குத்திய துளை புதிது. சுற்றி மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்கள், கீழே கொஞ்சம் இரத்தம் உறைந்து கிடந்தது. காதின் பின்பக்கம் பார்த்தேன். தகட்டின் ஆணியை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய செப்புக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். செல்லியின் காதில் அந்தத் துளை கன்றிலேயே ஆறி மயிர் மூடிய துளை. அதைக் குத்தியதே நான்தான்.

மாமனின் பட்டியில் இருந்து கொண்டுவந்த மாடு. திரும்பி டொக்டரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கண்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. தர்சிகா வந்து நின்ற நேரம் தொடக்கம் மாடு அவளை ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கத்தியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. டொக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, படலையைத் திறந்து உள்ளே வந்து, மாட்டின் கயிற்றை அவிழ்த்துத் தூர நடத்திப்போய் விட்டார். அது புல்லில் வாயை வைத்தது.

"பிள்ளை, இப்ப உங்கட மாட்டைக் கூப்பிடுங்கோ" என்றார்.

தர்சிகா கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டால் முற்றத்தில் நிற்கிற மாடு வராது. வேறு எங்கோ நிற்கிற மாடு வரும். அவளுக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும். தாய் வாசலில் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முகம் வெளிறிப்போய் இருந்தது. டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவசரம் ஒன்றும் இல்லாதவர் போல.

"அம்மாக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது என்ன?" என்று கேட்டார். ஓம் என்றாள்.

"இந்த மாட்டில இரத்தம் எடுத்தா ஒண்டும் இல்லை எண்டுதான் வரும். மாட்டில நோய் இல்லை எண்டு நான் எழுதிக் குடுப்பன். அதைப் பாத்துப்போட்டு ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு அந்த வருத்தத்தைத் தேடமாட்டினம். வேற வேற மருந்து குடுப்பினம். செல்லி உங்களுக்கு மிஞ்சும். யோசியுங்கோ. நான் காத்துக்கொண்டு இருக்கிறன்."

இவ்வளவு மெல்லிய குரலில் இவ்வளவு பாரமான பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கே அவர்மேல் கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் முன்னால் தாயையும் மாட்டையும் கொண்டுவந்து வைக்கலாமா? வேறு வழி என்ன இருந்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் தாயைப் பார்த்தாள். தாய் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினா. தன் காய்ச்சலை விட மாடு பெரிது என்று நினைத்த மனுசி அவா. அந்த வீட்டுக்கு வேறு என்ன இருந்தது?

தர்சிகா பின்வளவுப் பக்கம் திரும்பி நின்றாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி இரண்டு தரம் சொடுக்கினாள்.

"செல்லி, இஞ்ச வா."

காட்டோரத்தில் இருந்து ஒரு கத்துக் கேட்டது. பற்றைகள் முறிகிற சத்தம் கேட்டது. கட்டியிருந்த கட்டையையும் பிடுங்கி, கயிற்றோடு இழுத்துக்கொண்டு செல்லி ஓடி வந்தது. தகட்டை வெட்டி எடுத்த காதில் ஈ மொய்த்தது. நேரே வந்து அவள் கையை நக்கித் தவிட்டைத் தேடியது. அவள் கையில் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, வேலிக்கரைக்குப் போய்விட்டேன்.

இரண்டாவது இரத்தமும் திரண்டது. தாயைத் தர்சிகாவே பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவவுக்கும் அதே நோய். வாரக்கணக்கில் குளிசை குடித்துச் சுகமானா. பிந்தியிருந்தால் முள்ளந்தண்டில் இறங்கியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

மாட்டை ஏற்ற லொறி வந்த அன்று செல்லி பலகையில் கால் வைக்க மறுத்தது. ஏற்ற வந்த ஆட்கள் வாலை முறுக்கப் போனார்கள். தர்சிகா அவர்களை விலக்கிவிட்டு, தானே பலகையில் ஏறி உள்ளே போய் நின்று கூப்பிட்டாள். மாடு ஏறிவிட்டது. அவள் மற்றப் பக்கத்தால் குதித்து இறங்கி, அழாமல் என்னிடம் வந்தாள்.

"மிஸ், இது நீங்கள் தந்த மாடு. எங்கட வீட்டில வேற மாடு இல்லை. காளையோட விட்டதில்லை, ஊசிதான் போட்டனீங்கள். அப்ப இந்த வருத்தம் எங்க இருந்து வந்தது?"

தாய்மாட்டிடம் இருந்தே கன்றுக்கு வந்து, முதல் சினைவரை வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கலாம் என்றேன்.

"தரேக்க இரத்தம் பாத்தனீங்களோ?"

இல்லை என்றேன். டொக்டர் கேட்டார், விடவில்லை என்றும் சொன்னேன். அவள் என் முகத்தை வழக்கம்போல நிறுத்திப் பார்த்தாள். நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த முறை கன்று வழங்கும்போது திட்டக்காரர்கள் அவளுக்கும் ஒன்று கொடுக்கச் சம்மதித்தார்கள். நோய் வந்த கதையைக் கூட்டத்தில் கதைக்கமாட்டாள் என்ற சம்மதமும் அதோடு எதிர்பார்க்கப்பட்டது என்று நான் சந்தேகப்படுகிறேன். மண்டபத்துக்கு வெளியே பந்தல், வாழை, படம் பிடிக்கிறவர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் வந்து பிரமுகரிடம் கயிற்றை வாங்கிப் படத்துக்கு நின்றுவிட்டுப் போனார்கள். தர்சிகாவின் பெயர் வந்தது. கறுப்புக் கன்று, நல்ல கன்று. பிரமுகர் கயிற்றை நீட்டினார்.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதுக்கு இரத்தம் பாத்தாச்சோ?" என்று கேட்டாள்.

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திட்டக்காரர் ஒருவர் ஓடி வந்து, எல்லாவற்றுக்கும் கடிதம் இருக்கிறது தங்கச்சி, பயப்பட வேண்டாம் என்றார். கடிதம் போன முறையும் இருந்தது என்றாள். பிரமுகர் இன்னும் கயிற்றை நீட்டியபடி நின்றார். படம் பிடிக்கிறவர் கருவியை இறக்கிவிட்டார். நான் டொக்டரைத் தேடினேன். அவர் அந்த முறையும் மேடைக்கு வரவில்லை, வாகனத்தடியில் நின்றார். நான் பார்க்கும்போதே பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துவிட்டார். கொடுக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. போன முறை அவரை நிறுத்திய தொலைபேசி இந்த முறை வருவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட நினைத்திருப்பார்.

கன்றைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அவள் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்தேன். அது எனக்கு அடங்காமல் திமிறியது. கழுத்தை நீட்டி அவளுடைய சட்டையை நக்கப் பார்த்தது. அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவளுடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பக்கத்தில் நின்றதால் கண்டேன். கன்றுகளைத் தொடாமல் இருக்க முடியாத பிள்ளை அவள்.

இரத்தம் எடுத்து முடிந்ததும் குழாயை வாங்கி, அதில் எழுதிய இலக்கத்தையும் கன்றின் காதில் இருந்த இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழாயை என்னிடம் தந்தாள்.

கன்றை இப்போதைக்கு வீட்டுக்குக் கொண்டுபோம், பதில் வந்ததும் சொல்கிறேன், இது உம்முடைய கன்றுதானே என்றேன்.

"இல்லை மிஸ்" என்றாள். "பதில் வரட்டும். அதுவரைக்கும் இது உங்கட கண்டு."

மற்றப் பிள்ளைகள் கன்றுகளை நடத்திக்கொண்டு வீதியால் போக, அவள் வெறுங்கையோடு பஸ் எடுக்கப் போனாள்.